ஒம்பதாவது மாத்திரை

ஏனுங்க அம்மிணி, இந்த எடத்துக்கு ஆளு வருதுங்களா? வரலீங்களா? அப்பச் சித்த நகந்துக்குங்க. சன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு ஓரமே போதும். ஈரோடு போய்ச் சேர எத்தனை நேரமாகும்? முக்கா மணி நேரமுங்களா. வழியில எங்கயாச்சும் நிறுத்திப் போடுவானுங்களா? சும்மாதான் கேட்டேன். அவசரமெல்லாம் ஒண்ணுமில்லை.

காதுல மாட்டியிருந்ததைக் கழட்டி வெச்சீங்க பாருங்க, சந்தோசமுங்க. இந்தாங்க, ஆரஞ்சு. வேண்டாங்கப்படாது. பக்கத்துல ஆளை வெச்சுக்கிட்டு ஒத்தையில திங்கற வழக்கம் எங்க வம்சத்துலயே இல்லை. இருங்க, சொளையை எண்ணிக்கறேன். ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து, பதினொண்ணு. பாத்தீங்களா, ஒத்தைப்படை. எனக்குன்னு வந்து வாய்க்கறதெல்லாம் ஒத்தைப்படைதான். உங்களுக்கு அஞ்சு, எனக்கு அஞ்சு, மிச்சம் இருக்கறதைப் பிச்சு ஆளுக்குப் பாதி. சாறு ஒழுகுதுங்களா? போச்சாது, தொடச்சுக்கலாம்.

என்ற பேரு தெய்வாத்தாள். அறச்சலூருக்குத் தெக்கால நம்ம காடு. மஞ்சளு போட்டிருக்குது. பசங்க ரெண்டு பேரு, மருமவளுங்களும் ரெண்டு பேரு. மூத்தவ சுகந்தி, வந்து பத்து வருசமாச்சு. சின்னவ ஹரிப்பிரியா, இந்த வைகாசியிலதான் கல்யாணம், பள்ளிக்கூடத்துல டீச்சர். ரெண்டு பேரும் இப்ப எம்மேல மொகத்தைத் தூக்கி வெச்சிருக்கறாங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு நீங்களே சொல்லுங்க அம்மிணி. படிச்சவங்களாட்டத் தெரியறீங்க. ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சொல்லோணும், பாதியில சொல்லப்படாது.

நானும் ஒரு மருமவளா இருந்தவதானுங்க. எனக்கும் ஓரகத்தி ஒருத்தி. என்ற மாமியாளுக்கு அவ சொந்தத் தம்பி பொண்ணு, நான் அசலு. நோம்பிக்கு ஆடறுத்தா ஈரல் அவ தட்டத்துக்குப் போகும், எனக்கு எலும்பு வரும். கேட்டா, கடிக்கறதுக்கு உனக்குப் பல்லு நல்லா இருக்குது சாமிம்பாங்க. முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேலாச்சு, இன்னும் அந்த ஈரல் எனக்கு மறக்கலை. அன்னைக்கே முடிவு பண்ணுனேன், எனக்குன்னு மருமவளுங்க வந்தா தராசு புடிச்சாப்பல நடத்தோணும்னு.

நடத்துனேனுங்க. சேலை எடுத்தா ஒரே தறியில நெஞ்சது ரெண்டு. பூ வாங்குனா என்ற கையாலயே மொழம் போட்டு ரெண்டாக் கிள்ளுவேன். பாலுல ஆடையைக் கரண்டியில வழிச்சு ரெண்டு டம்ளருக்கும் பிரிச்சுப் போடுவேன். இவ்வளவு எதுக்கு, காலைல சுகந்தியை ஒரு வார்த்தை வெஞ்சுப்போட்டா, பொழுது எறங்கறதுக்குள்ள ஹரிப்பிரியாவையும் ஒண்ணு வெஞ்சிருவேன். அவ தப்பே பண்ணாட்டியும் வெய்வேன். இல்லாட்டி மூத்தவ மனசு என்ன பாடு படும், சொல்லுங்க. ஒறம்பரை சனம் அத்தனை பேரும் மாமியான்னா தெய்வாத்தாளாட்ட இருக்கோணும்னு பேசிக்குவாங்க.

இந்த வம்பு ஆவணி மாசத்துல வந்ததுங்க. பொம்பளைங்க வெசயம், மெதுவாச் சொல்றேன், முன்னால உக்காந்திருக்கறவரு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கறாரு. சின்னவளுக்கு நீர்க்கடுப்பு. ஒண்ணுக்குப் போனா நெருப்பாட்டம் எரியும், போயிட்டு வந்து உக்காந்தா மறுக்காப் போகோணும். அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவ பள்ளிக்கூடத்துல இருபது டீச்சருங்களுக்கு ஒரே கக்கூசு, அதுக்கும் தாப்பாள் நிக்காது. காலைல போறவ பொழுதோட ஊடு வர்ற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா. வர்றதையும் அடக்கி வெச்சுக்குவா.

எளநி வெட்டிக் குடுத்தேன். பார்லி கஞ்சி காச்சுனேன். தொப்புளுக்கு விளக்கெண்ணெய் வெச்சேன். எளநி வெட்டறப்ப ரெண்டா வெட்டச் சொல்லி சுகந்திக்கும் ஒண்ணு குடுத்தேன், அப்ப அவளுக்கு ஒண்ணுமே இல்லை, இருந்தாலும் குடுத்தேன். ஒண்ணுக்கும் கேக்காமப் போய் சின்னவன் அவளை ஈரோட்டுல ஒரு டாக்டரம்மாகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனான். அவங்க மூத்திரத்தைச் சோதிச்சுப் பாத்துட்டு, கிருமி இருக்குதுன்னு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. உள்ள தூளு வெச்ச கேப்சூல் இருக்குமுங்களே, அது. ஒரு நாளைக்கு ரெண்டு, அஞ்சு நாளைக்குப் பத்து. மருந்துக் கடை வாசல்லயே ஒண்ணை முழுங்கிட்டு மிச்சத்தைக் கொண்டாந்தா. ஒம்பது. அங்க ஆரம்பிச்சுதுங்க ஒத்தைப்படை.

அதே வாரந்தான் மூத்தவளும் மாட்டுச் சாளையில வெச்சு எங்காதுல சொல்லியிருந்தா. கீழ ஒரே அரிப்பாம். தயிரு திரிஞ்சாப்பல வெள்ளை வெள்ளையாப் படுதாம். அதுக்கு மிந்தின வாரம் கடவாப் பல்லைப் புடுங்கிட்டு ஏழு நாளு மாத்திரை தின்னுருந்தா. பல்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமுங்க, நான் ரெண்டையும் சேத்தே நெனைக்கலை. டாக்டர்கிட்டப் போலாமுங்களான்னு கேட்டா. மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டி முடியட்டும் சாமின்னேன். தண்ணி கட்டி முடியறப்ப மழை புடிச்சுக்கிச்சு.

அப்பத்தான் சின்னவ மருந்துப் பொட்டலத்தோட வந்து எறங்கறா. சுகந்தி சமையக்கட்டு நெலவுப்படியில நின்னு அந்தப் பொட்டலத்தையே பாத்தா. அம்மிணி, அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஈரல் தட்டம் என்னையத் தாண்டிப் போறப்ப நான் பாத்த பார்வை அதேதான். நேத்து வந்தவளைக் காருல வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க, பத்து வருசமா இருக்கறவளுக்கு மழை உடட்டும்னு சொல்லிட்டாங்கன்னு அவ நெனைக்க மாட்டாளா?

எடமும் ஒரே எடம். எரிச்சலும் அரிப்பும் அக்கா தங்கச்சியாட்டத்தான். அப்ப மருந்து மட்டும் வேற வேறயா இருக்குமா? ரெண்டு பேத்தையும் கூப்பிட்டு உக்கார வெச்சேன். சின்னவ, அஞ்சு நாளும் முழுசா முடிக்கோணும்னு டாக்டர் சொன்னாங்க அத்தைன்னு இழுத்தா. டாக்டருங்க எப்பவுமே கூட ரெண்டு சேத்துத்தான் எழுதுவாங்க சாமி, தையக்காரன் மடிச்சுத் தைக்கத் துணி உடறாப்பலன்னு சொன்னேன். மூணு மாசத்து மருமவ, பொட்டலத்தை எங்கையில குடுத்துட்டா. மூத்தவளும், அவளுக்கு எழுதுனது எனக்கெதுக்குங்க அத்தைன்னா. பாருங்க, எப்பேர்ப்பட்ட கொணம்! அதனாலயே அவளுக்குக் குடுத்தே ஆவோணும்னு ஆயிருச்சு எனக்கு.

ஆளுக்கு நாலு. மிச்சம் ஒண்ணு. பாக்குவெட்டியில வெச்சுப் பாத்தேன், பிதுங்கிக்கிட்டு ஓடுது. அப்பறம் ரெண்டு மொனையையும் புடிச்சுத் திருகுனேன், மூடியாட்டம் கழண்டுக்கிச்சு. உள்ள மஞ்சத் தூளுங்க. வெள்ளித் தட்டத்துல கொட்டி, தீப்பெட்டி அட்டையில நடுவால ஒரு கோடு இழுத்தேன். இக்கட்டால பாதி, அக்கட்டால பாதி. தேன்ல கொழைச்சு ரெண்டு பேரு நாக்குலயும் நானே தடவி உட்டேன். கசப்பு தாங்காம ரெண்டு மொகமும் ஒண்ணு போலக் கோணுச்சு. எனக்குன்னா பெருமை தாங்கலை. என்ற மாமியா இருந்து பாத்திருக்கோணும்னு நெனைச்சேன்.

மக்யா நாளு ரெண்டு பேரும் தனித்தனியா வந்து, ஒண்ணுக்கு மஞ்ச மஞ்சேருன்னு போகுதுங்க அத்தைன்னாங்க. மஞ்சக் காட்டு ஊட்டுல வேற எந்த நெறத்துல போகும்னு நான் சிரிச்சேன். ரெண்டு நாளு, சின்னவளுக்கு எரிச்சல் நின்னுருச்சு. பாத்தியா, போதுமில்லன்னேன். மூத்தவகிட்ட உனக்கெப்படின்னேன். பரவால்லீங்கன்னா. ஆனா ஒரு எடத்துல உக்கார மாட்டா, எறும்புப் புத்துல உக்காந்தவளாட்டம் நெளிவா. வேலை செய்யறதுக்குச் சுறுசுறுப்பாயிட்டான்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.

அவல்பூந்துறை வந்துருச்சுங்களா? இங்க நாலு பேரு எறங்குவாங்க, சித்த நிக்கும். இல்லீங்க, நான் எறங்கலை. இப்பப் பரவால்லை. தண்ணி வேண்டாங்க, நீங்க குடிங்க. நான் வண்டியில போறப்பக் குடிக்கறதில்லை.

மூணு வாரம் நல்லாப் போச்சு. ஒரு நாளு பள்ளிக்கூடத்துல இருந்து போனு வருது, உங்க மருமவளுக்குக் குளுருக் காச்சலு, நடுங்கறாங்க, முதுவு வலிக்குதுங்கறாங்க, வாந்தியா எடுக்கறாங்கன்னு. ஓடுனோம். ஈரோட்டுல அதே டாக்டரம்மா. பாத்த ஒடனே படுக்கையில போட்டுட்டாங்க. கிருமி மேல ஏறிக் கிட்னிக்குப் போயிருச்சாம். மொதல்ல குடுத்த மருந்து இனி ஆகாதுன்னு வேற மருந்தை ஊசி வழியா ஏத்துனாங்க. நாலு நாளு. அந்தப் புள்ள படுத்திருந்ததைப் பாக்கோணுமே. கட்டில்ல ஆளு இருக்கறதே தெரியலை. நான் ஆஸ்பத்திரிப் புள்ளையாரைச் சுத்தி வந்தேன், ரெண்டு காலும் வீங்கற வரைக்கும் சுத்துனேன்.

தொணைக்கு வந்த சுகந்தி நிக்கறதைப் பாத்தே அந்தம்மா கண்டுபுடிச்சிட்டாங்க. தெரைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாத்து, என்னென்ன மாத்திரை தின்னான்னும் கேட்டுட்டு வந்து, இது கிருமி இல்லைம்மா, பூஞ்சைன்னாங்க. அவங்களும் காட்டுக்கார ஊட்டுப் பொண்ணுதானாட்ட இருக்குது. என்னையப் பாத்து, மஞ்சளுக்குக் கெழங்கழுகல் வந்தாப் பூச்சி மருந்து அடிப்பீங்களாங்கம்மான்னு கேட்டாங்க. எவனாச்சும் அடிப்பானுங்களா, அழுகலு பூஞ்சாளத்துல வர்றதுன்னேன். அதேதாங்கம்மா இதுவும்னாங்க. கிருமியைக் கொல்ற மாத்திரை, ஒடம்புல காவலுக்கு இருக்கற நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுபோடுமாம். காவலு போச்சுன்னா பூஞ்சை காடு பூராப் பரவுமாம். பல்லுக்குத் தின்ன மாத்திரையில வந்த பூஞ்சைக்கு, மறுக்கா அதே மாதிரி மாத்திரையைத் தின்னா என்னாகும்னாங்க. சின்னவளுக்கும் அதே கதைதான், மாத்திரையை அரைகொறையா உட்டிருந்தா, அடிச்சு உட்ட பாம்பாட்டம் கிருமி திரும்பி வராம என்ன செய்யுமாம். நாப்பது வருசமாக் காடு பாக்கறவ நான். கெழக்குக் காட்டுக்கு வந்த சீக்குக்கு மேக்குக் காட்டுக்கும் சேத்து மருந்தடிச்சதே கெடையாது. ஊட்டுக்குள்ள மட்டும் அந்தப் புத்தி எங்க போச்சோ தெரியலை.

அப்பறம் சுகந்திக்கு உள்ள வெச்சுக்கற மாத்திரை ஆறு குடுத்தாங்க. நான் பாருங்க, பழக்க தோசம், வாய் தவறிக் கேட்டுப்போட்டேன். இதுல மூணு சின்னவளுக்கும் குடுக்கலாமுங்களா?

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னையப் பாத்தாங்க. அப்பறம் கட்டில் பக்கம் திரும்புனாங்க.

"ஹரிப்பிரியா, நான் குடுத்த பத்து மாத்திரையும் நீங்களே சாப்பிட்டீங்களா?"

அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. ஊசி ஏறுன கை, ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குது.

"மறந்துட்டனுங்க மேடம். பாதிதான் சாப்பிட்டேன்."

சுகந்தியும் கேக்கறதுக்கு மிந்தியே, நானாத்தான் கடையில வாங்கித் தின்னனுங்க மேடம்னு சொல்லிப்போட்டா. ரெண்டு பேத்துக்கும் அந்தம்மா நல்லா உட்டாங்க. படிச்ச புள்ளைங்க இப்படிப் பண்ணலாமா, நாளைக்குப் புள்ளை குட்டிக்கு எப்படி மருந்து குடுப்பீங்கன்னு. நான் செவுத்தோரமா நின்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன்.

பாத்தீங்களா அம்மிணி, அவங்க வாயாலயே சொன்னாங்க. எம்மேல தப்பிருந்தா டாக்டர்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்களா?

ஆஸ்பத்திரியில இருந்து சின்னவ நேராக் கொடுமுடிக்கு, அவங்கம்மா ஊட்டுக்குப் போனா. ஓய்வு எடுத்துட்டு வர்றேன்னா. நாப்பது நாளாச்சு. கேட்டா வர்றனுங்க அத்தைங்கறா. குரல்ல ஒரு கொறையும் இல்லை, வரத்தான் காணோம். சின்னவன் பெருந்துறைப் பக்கம் ஊடு பாத்துக்கிட்டு இருக்கறான்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாம். பக்கமும் இல்லை ஒண்ணுமில்லை, ஒலை ரெண்டாவப் போகுது. அதைத்தான் என்னால தாங்க முடியலை. ஒரே அடுப்பு இருக்கோணும்னுதானே இத்தனை தராசும் புடிச்சேன்.

இதுல மூத்தவ தெனமும் அவகூடப் போன்ல பேசறா. சிரிக்கறா. நான் உள்ள போனா நிறுத்திக்கறா. ஊரு ஒலகத்துல ஓரகத்திங்க அடிச்சுக்குவாங்க, எங்கூட்டுல ஒண்ணாச் சேந்துக்கிட்டாங்க. நான் சந்தோசப்படோணுமில்லீங்க? படலை. பொறாமையா இருக்குது, சொல்றதுக்கென்ன.

ஐயோ, இந்த மேட்டுல இவன் எதுக்கு இப்படிக் குலுக்கறான். இல்லீங்க, ஒண்ணுமில்லை. சித்த நேரம் ஆனாச் சரியாயிரும்.

ஒண்ணுமில்லைன்னு சொல்றதும் பழக்கமாயிருச்சு. உங்ககிட்டச் சொன்னா என்ன. எறங்கி நீங்க உங்க வழி, நான் என்ற வழி. எனக்கும்தானுங்க. இருவது நாளா. எரிச்சலும் இருக்குது, அரிப்பும் இருக்குது, ஒத்தை ஆளுக்கு ரெண்டு பங்கும் வந்திருக்குது. ராத்திரிக்கு அஞ்சு தடவை எந்திரிக்கறேன். அறுவது வயசுல இதைப் போய் யாருகிட்டச் சொல்றது? மவனுங்ககிட்டச் சொல்ல முடியுமா? மருமவகிட்டச் சொல்லலாம், எந்த மொகத்தோட சொல்றது?

போன வாரம் சுகந்தி மாத்திரை டப்பாவைத் தொறந்து பாத்தேன். என்னென்னமோ மிச்சம் கெடக்குது. ஒண்ணு எடுத்துக்கலாம்னு கை வெச்சேன். எது கிருமிக்கு, எது பூஞ்சைக்கு, எது பல்லுக்குன்னு தெரியலை. மூடி வெச்சுட்டேன். இன்னைக்கு மொடக்குறிச்சியில ஒரு எழவு கேக்கப் போறேன்னு சொல்லிப்போட்டு, அந்த டாக்டரம்மாகிட்டத்தான் போயிக்கிட்டு இருக்கறேன். அவங்க மருந்து குடுப்பாங்க. சக்கரை இருக்குதான்னும் பாப்பாங்களாமே, பாக்கட்டும்.

அதுக்காவ மட்டும் போகலீங்க. அவங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அந்தப் புள்ளை மறக்கலை. மறக்கறதுக்கு அவகிட்ட மாத்திரை இருந்தாத்தானே? நாலரையை அவ கையில இருந்து புடுங்குனவ நான். நாலு நாளு ஊசி ஏறுனப்பவும் அவ என்னையக் காட்டிக் குடுக்கலை, மூத்தவளும் காட்டிக் குடுக்கலை. படிச்ச புள்ள இப்படிப் பண்ணலாமான்னு அந்தம்மா வெஞ்சாங்களே, அது எனக்கு வர வேண்டிய வசவு. அதையும் ரெண்டாப் பிரிச்சு அதுங்க தலையில போட்டுட்டு நான் தலையாட்டிக்கிட்டு நின்னேன். ராத்திரி எந்திரிக்கறப்பெல்லாம் அந்தத் தலையாட்டுனதுதான் நெனப்புக்கு வருது. இதைச் சொல்லோணும்னு போன வாரமே ஒருக்கா வந்தேன், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டு வாய் வராமத் திரும்பிட்டேன். அதுதான் இன்னைக்கு உங்ககிட்ட ஒருக்காச் சொல்லிப் பாத்தேன். வருது. தட்டுத் தடுமாறி வருது, ஆனா வருது.

என்ற போனுங்களா அடிக்குது? எடுத்துக் குடுங்க, பையில அடியில கெடக்கும். சுகந்திதான். ஆமா சாமி, மொடக்குறிச்சியிலதான்... எழவு ஊட்டுலதான்... என்னது?

அம்மிணி, இவ என்ன சொல்றா தெரியுங்களா? எழவு கேக்கப் போறவங்க பிரிட்ஜுல இருந்து ரெண்டு ஆரஞ்சை எடுத்துக்கிட்டா போவாங்கங்க அத்தைங்கறா. நான் ராத்திரி எந்திரிக்கறதை இருவது நாளா எண்ணிக்கிட்டு இருக்கறாளாம். போன வாரம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டு வந்ததும் தெரியுமாம். நான் பஸ்ஸு ஏறுன கையோட ஸ்கூட்டியை எடுத்துட்டாளாம், ஈரோட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கறாளாம். இருங்க, இன்னும் என்னமோ சொல்றா. யாரு? யாரு பக்கத்துல?

சின்னவளும் வந்திருக்கறாளாம். எழவுன்னு காலைல நான் சொன்னப்பவே மூத்தவ போனு பண்ணிட்டாளாம், கொடுமுடியில இருந்து ரயிலுல வந்துட்டாளாம். டாக்டரம்மாகிட்ட நான் பேச வெக்கப்படுவேன்னு, அரிப்பைப் பத்தி மூத்தவ பேசறதாம், எரிச்சலைப் பத்திச் சின்னவ பேசறதாம். பங்கு போட்டுக்கிட்டாங்களாம்.

கொல்லம்பாளையம் தாண்டிருச்சுங்களா? இதா வந்துருமா? என்ற தலை சரியா இருக்குதுங்களா, சித்தப் பாத்துச் சொல்லுங்க. கண்ணுத் தண்ணி இல்லீங்க, ஆரஞ்சுத் தோலு பட்டிருச்சு. அதா, அதா நிக்கறாங்க பாருங்க, அந்தப் பச்சைச் சேலையும் பக்கத்துல சுடிதாரும். எப்படி எளைச்சுப் போயிட்டா சின்னவ. பையில இன்னொரு ஆரஞ்சு இருக்குது. எத்தனை சொளை இருக்கும்னு மேல தடவிப் பாத்தாத் தெரியுங்களா? மூணாப் பிரிச்சு எனக்குப் பழக்கமில்லை.

எறங்கறேனுங்க. நீங்க இன்னும் சொல்லவே இல்லையே, தப்பு யாரு மேலன்னு. வேண்டாம், சொல்லாதீங்க. டாக்டரம்மாகிட்ட அப்பறம் சொல்லிக்கலாம், மொதல்ல அதுங்ககிட்ட நானே சொல்லிப்போடறேன்.